காப்பிக் களத்தைச் சுற்றிய சைக்கிள்

ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிறவர்களை நம் வயசுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊர் நடுவே ஒரு மைதானம், நாலு மூங்கில் கழி, கலர்த்தாள் தோரணம், தொண்டை கட்டிய ஒரு மைக் செட். நடுவில் ஒரு ஆள் சுற்றிக்கொண்டே இருப்பார். சைக்கிளில் உட்கார்ந்தபடியே பல் விளக்குவார், குளிப்பார், இட்லி தின்பார், டியூப்லைட்டை நெஞ்சில் மோதி உடைப்பார். ஏழாம் நாள் மாலை போட்டு இறக்குவார்கள். எங்கள் சேர்வராயன் மலைக்கு அப்படி யாரும் வந்ததில்லை. வர வேண்டுமென்றால் சமதளமாக ஒரு மைதானம் வேண்டுமே. சேலத்துக்குப் போய் வந்தவர்கள் சொல்லச் சொல்ல வாயைப் பிளந்துகொண்டு கேட்டதோடு சரி. அந்த ஏக்கத்தால் எங்கள் ஊர் செய்த ஒரு பெரிய தப்பைத்தான் சொல்ல வருகிறேன். எழுபதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா ரைட்டர். ஆள் பேர் பதிவது, கடிதம் எழுதுவது, துரையின் கையெழுத்துக்குக் கீழே சீல் வைப்பது எல்லாம் அவர்தான். அம்மா அதே எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். எனக்குக் கீழே ஒரு தம்பி. முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது.

அந்த வருஷம் பூ மழை பிந்தித்தான் பெய்தது. காப்பிச் செடி மொட்டு விட்டுக் காத்திருக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால் ஒரு வாரத்துக்குள் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த வாசனையைச் சொல்லத் தெரியாமல் எல்லோரும் மல்லிகை மாதிரி என்பார்கள். மல்லிகை தலையை வலிக்கவைக்கும், காப்பிப் பூ பசியைக் கிளப்பும் என்பது என் கட்சி. மழை நின்ற மறுநாள் காலையில், சில்வர் ஓக் சருகு நனைந்து வழுக்கிக் கிடந்த ரோட்டு வளைவில் ஒரு சைக்கிள் சறுக்கி விழுந்தது. எஸ்டேட் ஜீப் இரண்டு பேரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கியது.

ஒருவர் தாடிக்காரர், இன்னொருவர் கண்ணாடிக்காரர். கண்ணாடி அப்போது மூக்கில் இல்லை. உடைந்த துண்டுகளைத் தாடிக்காரர் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். எங்கேயோ வடக்கே ஒரு ரயில்வே காலனியிலிருந்து இருவரும் சைக்கிளில் கிளம்பி, நாற்பது நாளுக்கு மேல் மிதித்து, கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் எங்கள் மலையைப் பார்க்காமல் போகக்கூடாது என்று ஏறி வந்திருக்கிறார்கள். காலனியில் பக்கத்து வீடுகளெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் என்பதால் கண்ணாடிக்காரருக்குத் தமிழ் வரும். காலனிக்கு வெளியே வளர்ந்த தாடிக்காரருக்கு ஒரு சொல்கூட வராது. அவர்கள் ஊரில் ஆறுதான் உண்டாம், இரண்டு பேரும் கடலைப் பார்த்ததே இல்லையாம். சேர்ந்து போய்க் கடலில் கால் நனைப்பது என்று பேசிக்கொண்டு கிளம்பியவர்கள்.

கண்ணாடிக்காரருக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. சேலத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுப்போட்டுத் திரும்பிக் கொண்டுவந்தார்கள். ஆறு வாரத்துக்குச் சைக்கிளைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா எங்கள் படிக்கும் அறையை ஒழித்துக் கட்டில் போட்டாள். தாடிக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சாக்கை விரித்துக்கொண்டார்.

எனக்கும் தம்பிக்கும் அந்த இரண்டு சைக்கிள்களை விட்டு நகர மனசே இல்லை. மலையில் சைக்கிள் என்றால் பாதி தூரம் நாம் அதைத் தள்ள வேண்டும், மீதி தூரம் அது நம்மைத் தள்ளிவிடும். ஆகவே நாங்கள் பஸ்ஸை நம்பியவர்கள். துணியில் ஒட்டிய மேப், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் டியூப், அலுமினிய டிபன், பேண்ட் நுனி சங்கிலியில் மாட்டாமல் கவ்வ வைக்கும் இரும்பு வளையம், எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். அந்த வளையங்களை வளையல் என்று நினைத்து என் கையில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் ஒரு குட்டு வாங்கினேன். இப்போது எந்தக் கடையிலும் அது கிடைப்பதில்லை. கேட்டால் கடைப் பையன்கள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலையில் தாடிக்காரரைக் காணோம். சைக்கிளையும் காணோம். கண்ணாடிக்காரர் காய்ச்சலில், ஊசி போட்ட அசதியில் தூங்கிக்கொண்டிருந்தார். விடியும்போது தாடிக்காரர் அடுப்படிக்கு வந்து தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, பிறகு நண்பர் இருந்த அறையைக் காட்டிவிட்டுப் போனதாக அம்மா சொன்னாள். பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம்.

அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆபத்தில் விட்டுவிட்டு ஓடுகிறவன் எப்படிப்பட்டவன், நல்ல குடும்பத்துப் பிள்ளையை எங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்தானோ என்று அன்று முழுக்கப் பொருமினார். அப்பா கெட்டவர் இல்லை. ஆள் பேர் பதிகிறவர் ஒருநாள் வராதவனை ஓடிப்போனவன் பட்டியலில் எழுதிப் பழகிவிட்டார், அவ்வளவுதான். கண்ணாடிக்காரரின் டயரியிலிருந்து வீட்டு விலாசத்தை எடுத்து, அவருடைய அண்ணனுக்கு இங்கிலீஷில் ஒரு நீளமான கடிதம் எழுதினார். மறுநாள் அம்மாவோடு ஏற்காடு ஒண்டிக்கடைக்குச் சாமான் வாங்கப் போனபோது அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டவள் நான்தான். பெட்டி எனக்கு எட்டாது. எகிறிப் போட்டேன்.

அன்று சாயங்காலமே தாடிக்காரர் திரும்பி வந்தார். மலை முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு புதுக் கண்ணாடியை எடுத்து, தன் சட்டை நுனியாலேயே துடைத்து, படுத்திருந்தவர் காதில் மாட்டிவிட்டார். சேலத்தில் உடைந்த கண்ணாடியைக் கொடுத்துப் புதுசு செய்து வாங்க இரண்டு நாள் ஆகியிருக்கிறது. கண்ணாடிக்காரர் எங்கள் ஒவ்வொருவரையும் அப்போதுதான் முதல்முதலாகத் தெளிவாகப் பார்த்தார். தம்பியைப் பார்த்து, இவ்வளவு நாளும் உன்னை ஒரு பூனை என்று நினைத்திருந்தேன் என்றார்.

அப்பா கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. இன்னொரு கடிதம் எழுதிப் போடச் சொல்லி அம்மா இரண்டு தடவை சொன்னாள். பார்க்கலாம் என்றார். அப்பா பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இனி அந்தத் தப்புக்கு வருகிறேன். கடிதம் போட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். தப்புக்குத் தலைவர் எஸ்டேட் மேஸ்திரி. ஆயிரம் மைல் சைக்கிள் மிதித்த ஆள் ரைட்டர் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதுமே, ஏழு நாள் இறங்காமல் ஓட்டுகிறவர்தான் கடைசியில் மலையேறி வந்துவிட்டார் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மைதானத்துக்கும் வழி கண்டுபிடித்தார். காப்பிப் பழம் காயவைக்கும் சிமெண்டுக் களம் அந்த மாதங்களில் சும்மாதான் கிடக்கும். மலையில் அவ்வளவு சமமான இடம் வேறு கிடையாது. கிறிஸ்துமஸ் தோரணம், கோயில் மைக் செட், ஒரு மாலை, எல்லாம் ஒரே நாளில் தயாராயின. அப்பா துரை வேலையாகச் சேலம் போயிருந்த நாள். அம்மா டிஸ்பென்சரியில். கண்ணாடிக்காரர் வலி மாத்திரைத் தூக்கத்தில்.

மேஸ்திரி காலை ஏழு மணிக்குத் தாடிக்காரரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். சைக்கிளைக் காட்டினார். களத்தைக் காட்டி விரலால் வட்டம் போட்டார். ரைட்டர் வீட்டில் சொல்லியாகிவிட்டது என்பதற்கு எங்கள் வீட்டைக் காட்டினார். பிறகு முன்சக்கரத்துக்குச் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, நெற்றியில் திருநீறு பூசி, கும்பிட்டார். தாடிக்காரர் கொஞ்ச நேரம் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு சைக்கிளில் ஏறினார்.

சுற்றினார். எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். தலைச்சோலையிலிருந்து விவசாயக் குடும்பங்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தன. ஆரஞ்சும் வாழைப்பழமும் களத்தின் ஓரத்தில் குவிந்தன. அவர் எதையும் தொடவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கையை விட்டு ஓட்டுவார், கைக்குட்டையைக் குனிந்து எடுப்பார் என்று காத்திருந்தவர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் ஏமாற்றமாகிவிட்டது. மேஸ்திரி சமாளித்துப் பார்த்தார். இது மௌன சவாரி, இந்தியாவிலேயே மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று மைக்கில் அறிவித்தார். அந்த மூன்று பேர் யார் என்று தம்பி கேட்டான். மேஸ்திரி மைக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்.

முதலில் புரிந்துகொண்டவர் தலைச்சோலையிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்திருந்த ஒரு அம்மாள். கொஞ்ச நேரம் தாடிக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, வித்தை காட்டுறவங்க முகம் இப்படி இருக்காது. இது வேண்டுதல் பண்ற முகம். ஓடிப்போயி உங்கம்மாவக் கூட்டியா சாமி."

ஓடினேன். அம்மா கண்ணாடிக்காரரை எழுப்பி, கட்டுப்போட்ட தோளோடு கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். அவர் களத்தின் விளிம்பில் நின்று தங்கள் பாஷையில் ஏதோ கேட்டார். பதில் வருவதற்குள் சைக்கிள் கடந்துபோய்விட்டது. அடுத்த சுற்றில் பதில் வந்தது. இவர் மறுபடி கேட்டார். அதற்கு அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படி நாலைந்து சுற்றில் ஒரு பேச்சு முடிந்தது. கண்ணாடிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாதபடி குலுங்கினார். தோள் வலித்ததால் இரண்டையுமே சரியாகச் செய்ய முடியவில்லை.

தேங்காய், சூடம், திருநீறு, எங்கள் வீட்டுப் பக்கம் காட்டிய கை, இத்தனையும் சேர்த்துத் தாடிக்காரர் ஒன்றைப் புரிந்துகொண்டிருக்கிறார். இந்த ஊரில் இப்படிச் சுற்றினால் படுத்திருப்பவர் எழுந்துவிடுவார் என்று. அவர்கள் ஊரில் கோயிலை நடந்து சுற்றுவார்கள், இங்கே சைக்கிளில் சுற்றுகிறார்கள் போலிருக்கிறது, ஊருக்கு ஊர் வழக்கம் மாறும்தானே என்று நினைத்தாராம். விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுவிட்டார். அது வேடிக்கைக்குத்தான், இறங்கு என்று நண்பர் சொல்லியும் இறங்கவில்லை. வேண்டிக்கொண்டதை நடுவில் விடக்கூடாது என்றார்.

மேஸ்திரி மைக்கை அணைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பலாப்பழ அம்மாள் முதலில் களத்தில் இறங்கிச் சைக்கிளுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். தலைச்சோலைக்காரர்கள் பின்னாலேயே போனார்கள். எங்கள் சர்ச் பெண்கள் ஓரமாக முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னார்கள். நான் எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமல் முதலில் நடந்தேன், கால் வலித்ததும் ஜெபமாலைக்குப் போய்விட்டேன்.

சாயங்கால பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். கையில் பையோடு களத்தின் ஓரத்தில் நின்றார். அம்மா போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் பையைக் கீழே வைக்கவே இல்லை. வெளிச்சம் மங்கித் தாடிக்காரர் இறங்கியபோது கால் மடங்கி விழப்போனார். ஓடிப்போய்த் தாங்கியது அப்பாதான்.

இரண்டு நாள் கழித்து அண்ணன்காரர் வந்தார். அப்பாவின் கடிதம் கிடைத்த அன்றே ரயில் ஏறியிருக்கிறார். இஸ்திரி போட்ட பேண்ட், பளபளக்கும் ஆபீஸ் ஷூ, கையில் ஒரு சின்னத் தோல்பெட்டி. ஒரு அதட்டலுக்கு இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். கண்ணாடிக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்ததும், பயணம் இதோடு முடிந்தது என்று பன்னிரண்டு வயசு எனக்கே தெரிந்துவிட்டது. அண்ணன்காரர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். நான் எகிறிப் போட்ட அதே கவர். தம்பியைக் கெடுத்து ஊர் ஊராக இழுத்துக்கொண்டு வந்து, கை ஒடிந்ததும் விட்டுவிட்டு ஓடின நாடோடி இவன்தானா என்று கடிதத்தைத் தாடிக்காரர் பக்கம் நீட்டிக் கேட்டார். அவரும் தமிழில்தான் கேட்டார், நாங்கள் எல்லோரும் சாட்சியாக இருக்க வேண்டும் என்பதுபோல. தாடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கடிதத்தைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் எழுத்தில் யாராவது பிழை கண்டுபிடித்தால்கூட ஒத்துக்கொள்ளாத மனுஷர். துரையிடமே வாதாடுவார். அந்த நிமிஷத்தில் அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எங்களில் யாரும் அவரைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டோம்.

"ஏனுங்க, அத எழுதுனது நானுங்க," என்றார் அப்பா. "எழுதுனது தப்புங்க. ஒரு நாள் காணோமுன்னு எழுதிப் போட்டுட்டேன். அந்தத் தம்பி உங்க தம்பிக்குக் கண்ணாடி வாங்கத்தான் மலையெறங்கிப் போயிருந்தாரு. திரும்பி வந்தப்பறமும் மாத்தி எழுத எனக்கு மனசு வரல. நொம்பத் தப்புங்க."

எங்களுக்கு முன்னால், கதவருகில் நின்ற மேஸ்திரிக்கும் முன்னால் அப்பா அப்படிச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் பெருமையாக மாறுவதற்கு எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. அதற்குள் அப்பா போய்விட்டார், சொல்ல முடியவில்லை.

அண்ணன்காரர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் காலையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறுவதில் மாற்றம் இல்லை என்றார்.

காலையில் தாடிக்காரர் சாமான்களைக் கட்டினார். தானும் வந்த வழியே திரும்பப் போவதாக முடிவு செய்திருந்தார். கண்ணாடிக்காரர் விடவில்லை. இன்னும் ஒரு வாரத்து வழிதான், நீ போ, எனக்காக நிறுத்தினால் எனக்கு ஆயுசுக்கும் தூக்கம் வராது என்று கெஞ்சினார். தாடிக்காரர் கயிற்றை இறுக்கிக்கொண்டே ஏதோ சொன்னார். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

"தனியாப் போய்க் கடலைப் பார்த்தா, அதோ கடலுன்னு யார்கிட்ட சொல்றதுன்னு கேக்கறான்," என்றார் கண்ணாடிக்காரர்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அண்ணன்காரர் டீயோடு நின்றிருந்தார். டம்ளரை என்னிடம் கொடுத்தார். நடந்துபோய்த் தன் தம்பியின் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்தார். ஹேண்டில்பார் விழுந்ததில் ஒருபக்கம் திரும்பியிருந்தது. முன்சக்கரத்தைக் காலிடுக்கில் வைத்து நேராக்கினார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார்.

"சீட்டைக் கொஞ்சம் ஏத்தணும் சார். ஸ்பேனர் இருக்கா?"

எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. முதலில் விளங்கியது தாடிக்காரருக்குத்தான், பாஷை தெரியாதவருக்கு. கட்டின கயிற்றை விட்டுவிட்டு அவரே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

அண்ணன்காரருடைய ஆபீசுக்கு லீவு கேட்டுத் தந்தி கொடுக்கிற வேலையை அப்பா ஏற்றுக்கொண்டார். அந்த நாலு வரியை ஆறு தடவை அடித்தடித்து எழுதினார். ஷூவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, மேஸ்திரியின் டயர் செருப்பை மாட்டிக்கொண்டு, தம்பியின் சைக்கிளில் தாடிக்காரரோடு அண்ணன்காரர் கிளம்பினார். அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், திரும்பி வந்தார்கள், ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் கொண்டுவந்தார்கள், அந்த வருஷத்திலிருந்து அப்பா கண் மூடுகிற வரைக்கும் தாடிக்காரரும் அப்பாவும் ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் புரியாத கடிதங்களாக எழுதிக்கொண்டே இருந்தார்கள். இதெல்லாம் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று சொல்லிவைக்கிறேன். எனக்கு அதைவிட அதிகம் ஞாபகம் இருப்பது அந்தக் காலைதான்.

ரோட்டு வளைவு வரைக்கும் எல்லோரும் ஓடிப்போய்க் கையாட்டினோம். ஊரே சிரித்துக்கொண்டு திரும்பியது. கண்ணாடிக்காரரும் சிரித்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவரைக் காணோம் என்று அம்மா தேடச் சொன்னாள். களத்துச் சுவரில் தனியாக உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது, கன்னம் நனைந்திருந்தது. கட்டுப் போடாத கையின் விரல்கள் காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து விட்டன. மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தார். இருபது, பத்தொன்பது, பதினெட்டு. ஏற்காட்டிலிருந்து இறங்குகிற பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கீழே போகப் போக எண் குறையும்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். போக முடியவில்லை என்று வருத்தமா என்று கேட்டேன். குழந்தைகள்தான் இப்படிக் கேட்பார்கள்.

"போயிட்டுதான் இருக்கேன் பாப்பா," என்றார் கண்ணைத் திறக்காமல். "பேசாத. எதிர்ல பஸ் வருது."

நான் சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்து பஸ்ஸுக்கு வழி விட்டேன்.